அராக்குக்கு நாலு யூனிட்

மெல்ஹெம் ஊசி போட்டுக்கொள்கிறான் என்பது ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவன் பெண்டாட்டி வர்தே. இன்னொருத்தி தேவாலயத்து மருந்தகத்தில் இருக்கும் கன்னியாஸ்திரி பெர்னதெத்.

சர்க்கரை என்றால் யாருக்கும் வெட்கமில்லை. அஸ்ஸாஃப் மேஸ்திரியின் ஆட்களில் பாதிப் பேர் மத்தியானம் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வெங்காயத்தைக் கடிப்பார்கள். மெல்ஹெமும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஊசி வேறு விஷயம். பக்கத்து ஊரில் ஊசி போடுகிற ஒரு பெயின்ட்காரன் சாரத்தில் நின்றபடியே கண் இருட்டி விழுந்து முதுகை முறித்துக்கொண்டான். அன்றைக்கே அஸ்ஸாஃப் சொல்லிவிட்டான்: ஊசிக்காரன் எவனும் என் சாரத்தில் ஏறக்கூடாது. ஏறாதவன் கீழே நின்று பழைய பலகையில் ஆணி பிடுங்க வேண்டும். மெல்ஹெம் மீசை அரும்பியதிலிருந்து உயரத்தில் நின்று சென்ட்ரிங் பலகை அடித்தவன். கீழே நின்று ஆணி பிடுங்குவது அவனால் ஆகாத காரியம். அதனால் இன்சுலின் பேனாவை ஒரு பழைய காலுறைக்குள் சுருட்டி, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவான். எங்காவது மறைவில் போய் வயிற்றில் குத்திக்கொண்டு வருவான்.

அன்றைக்குத் தம்பி ஷுக்ரி வீட்டுக்கு மாடித் தளம் போடுகிற நாள். விடியும் முன்பே வர்தே காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் சிமென்ட்டுல நிக்கப் போறே. வேலை அதிகமா இருக்கிற நாள்ல ஊசியைக் குறைச்சுப் போடச் சொன்னாங்க சிஸ்டர். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"குடிச்சா ரொட்டியோட குடிக்கணும். வெறும் வயித்துல கூடாது. கூட உக்காந்திருக்கிறவன் கிட்டச் சொல்லி வைக்கணும்."

"குடிக்கலாம்னு சொன்னாங்க. அதுவும் ஞாபகம் இருக்கு."

"அது ஒண்ணுதான் உன் காதுல விழுந்தது."

"தம்பி வீட்டுத் தளம் வர்தே. நான் ஒரு கிளாஸ் எடுக்கலைன்னா அவன் மூஞ்சி தொங்கிப் போயிடும். அப்புறம் ஊரே கேக்கும், அண்ணன் தம்பிக்குள்ள என்ன சண்டைன்னு."

"குடி. யாரு வேண்டாம்னா? ரொட்டியைத் தின்னுட்டுக் குடி."

"உன் பேச்சுக்கு நான் என்னிக்காவது மறுபேச்சு பேசியிருக்கேனா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன் மறுபேச்சு ஒண்ணைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து, அவள் தலையில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினான். அவன் வீட்டை விட்டுப் போகும்போது செய்கிற ஒரே கொஞ்சல் அதுதான். கை சொரசொரவென்று மரம்போல இருக்கும்.

கான்கிரீட் வேலை ஆரம்பித்தால் நடுவில் நிற்காது. லாரி வந்து குழாயில் கலவையைத் தள்ளத் தள்ள, கீழே ஒருவன் பலகையைத் தாங்கும் முட்டுகளைப் பார்ப்பான், மேலே ஐந்தாறு பேர் முழங்கால் பூட்ஸோடு கலவைக்குள் நின்று இழுப்பார்கள். மெல்ஹெம் கையில் மட்டப்பலகை. அதைப் பிடித்து இழுக்கிறவனுக்கு முதுகும் தொடையும் இற்றுப்போகும். அந்த வேலையை வேறு யாரிடமும் அவன் கொடுக்க மாட்டான். கம்பி மேல் கால் வைத்து நடப்பதில் அந்த ஊரில் அவனுக்கு இணை இல்லை என்று அஸ்ஸாஃபே சொல்வான், ஆனால் அவன் காதுபடச் சொல்ல மாட்டான்.

ஷுக்ரி விடியற்காலையிலேயே வாசல்படியில் ஆடு அறுத்துவிட்டிருந்தான். தளம் போடுகிறவர்களுக்கு அந்த வீட்டில்தான் சாப்பாடு. சூரியன் உச்சிக்கு வரும் நேரம், முற்றத்தில் கரி பற்றவைத்துப் புகை மேலே வந்தது. கொழுப்பு கருகும் மணம். மெல்ஹெம் எட்டிப் பார்த்தான். மேசை போட்டு விரிப்பும் விரித்தாகிவிட்டது. இன்னும் ஒரு மூலைதான் பாக்கி. ஒரு லாரி வந்தால் முடிந்தது.

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லி இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனான்.

பேனாவை எடுத்துத் திருகினான். சாப்பாட்டுக்குப் பத்து யூனிட். குறைத்துப் போடு என்று வர்தே சொன்னது காதில் இருந்தது. ஆனால் அவனுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. போன மாதம் தோட்டத்தில் ஒரு கொத்துத் திராட்சை தின்றுவிட்டு விரலைக் குத்திப் பார்த்தபோது முன்னூறைத் தாண்டிப் போயிருந்தது. அன்றிலிருந்து திராட்சையைக் கண்டாலே அவன் ஒதுங்குவான். அராக் எதிலிருந்து வருகிறது? திராட்சையிலிருந்து. கூடைகூடையாகத் திராட்சையைப் போட்டு மிதித்து, புளிக்க வைத்து, காய்ச்சி இறக்கினால் ஒரு ஜாடி வருகிறது. அத்தனை கூடையின் சர்க்கரையும் அந்த ஜாடியில்தானே இருக்க வேண்டும்? இதைத் தானே யோசித்துக் கண்டுபிடித்ததில் அவனுக்கு ஒரு பெருமையும் இருந்தது. குடிக்கிற நாளில் அராக்குக்கென்று தனியாக நாலு யூனிட் கூட்டிக்கொள்வான். ரொட்டியையும் விட்டுவிடுவான். இதை வர்தேயிடம் சொன்னதில்லை. சொன்னால் குடிப்பதையே நிறுத்தச் சொல்வாள் என்று பயம். இதுவரை ஒன்றிரண்டு தரம்தான் அப்படிச் செய்திருந்தான். அந்த நாட்களில் வேலை இல்லை. முந்திரி, உருளைக்கிழங்கு என்று எதையாவது கொறித்துக்கொண்டிருந்ததால் தப்பித்துவிட்டான்.

பதினாலு யூனிட்டைக் குத்திக்கொண்டு, சட்டையை இறக்கிவிட்டு மேலே ஏறினான்.

கடைசி லாரி வரவில்லை. வழியில் ஏதோ ஊர்வலம், வண்டி நிற்கிறது என்று போன் வந்தது. தளம் முடியாமல் யாரும் மேசையில் உட்கார மாட்டார்கள். ஒரு மூலையைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிட்டால் அந்த மூலை ஒழுகும் என்று இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு. ஷுக்ரிக்குத்தான் பொறுக்கவில்லை. அராக் ஜாடியையும் கிளாஸ்களையும் தட்டில் வைத்து மேலேயே கொண்டுவந்துவிட்டான்.

"நின்னுக்கிட்டே ஒண்ணு அடிங்க. லாரி வர்றப்ப வரட்டும்."

"சாப்பிடாமலா?" என்றான் அஸ்ஸாஃப்.

"வெள்ளரிக்கா கொண்டாந்திருக்கேன் மேஸ்திரி. சாப்பாடு இல்லையா அது?"

மெல்ஹெம் ஒன்று குடித்தான். தம்பி ஊற்றியதால் இன்னொன்றும் குடித்தான். லாரி வந்தது. கடைசி மூலையை இழுத்து மட்டம் பார்த்து முடித்து அவர்கள் கீழே இறங்கும்போது ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மேசையில் காலையில் அறுத்த ஆட்டின் பச்சை ஈரல், பச்சைக் கறி, புதினா, வெங்காயம், முள்ளங்கி. பெரிய தட்டுகள் பின்னால் வரும், அவசரமில்லை. அராக் மேசையில் சாப்பாடு அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக, சாயங்காலம் வரை. மெல்ஹெம் கறியை எடுத்து, வழக்கமாக ரொட்டியில் சுருட்டித் தின்கிறவன், முள்கரண்டியால் வெறுமனே தின்றான்.

"அபூ கமீல் ரொட்டியைத் தொடலை பாருங்க" என்றான் ஷுக்ரி எல்லாரிடமும். மகன் கமீலை வைத்து மெல்ஹெமை அபூ கமீல், வர்தேயை உம் கமீல் என்றுதான் ஊர் கூப்பிடும். "எங்க அண்ணனுக்கு இருக்கிற கட்டுப்பாடு எனக்கு இருந்தா நான் பாதிரியாராப் போயிருப்பேன்."

"உன்னைப் பாதிரியாரா விட்டா பூசை ஒயினு மிஞ்சாது" என்றான் அஸ்ஸாஃப்.

வர்தே பெண்களோடு அடுப்படியில் உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தாள். தட்டு கொண்டுவருகிற சாக்கில் ஒவ்வொரு தரமும் அவனைப் பார்த்துவிட்டுப் போனாள். எத்தனை குடித்தான் என்று கண்டுபிடிக்க வழியில்லை. அராக்கை ஒரு தரம் குடித்த கிளாஸில் மறுபடி ஊற்ற மாட்டார்கள். ஒவ்வொரு தரமும் கழுவிய புதுக் கிளாஸ். எச்சில் கிளாஸ்கள் உடனுக்குடன் அடுப்படிக்குப் போய்விடும். யாருடையது எது என்று யார் கண்டது?

அவள் உருளைக்கிழங்குத் தட்டோடு வந்தபோது மெல்ஹெம் ஜாடியைத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தான். பழைய கிளாஸில். அடியில் தண்ணீர் கலந்த அராக் வெள்ளையாகப் படிந்திருந்த எச்சில் கிளாஸிலேயே.

வர்தே அப்படியே நின்றாள். அவன் குடித்து அவள் பார்த்திருக்கிறாள். குடித்தால் பாடுவான். எதிரே இருக்கிறவன் வாயில் கறியை ஊட்டுவான். செத்துப்போன அப்பனை நினைத்து அழுவான். எத்தனை போதையானாலும் கிளாஸ் மாற்றாமல் ஊற்றியதில்லை. மாற்றாதவனை மேசையை விட்டு எழுப்பிவிடுகிற ஆள் அவன். இப்போது பாடவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை. நிழலில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஊற்றுகிற கை நடுங்கி, பாதி விரிப்பில் கொட்டியது.

"பாத்தீங்களா, விரிப்புக்கும் தாகம்" என்றான் ஒருவன். மேசை சிரித்தது.

"மெல்ஹெம்" என்றாள் வர்தே.

அவன் நிமிர்ந்து அவளை யாரோ என்பதுபோலப் பார்த்தான். "முட்டு நழுவுது" என்றான். "மூணாவது முட்டு. எவனும் பாக்கலை."

"முட்டெல்லாம் சரியா இருக்கு, நீ தின்னு" என்றான் அஸ்ஸாஃப்.

"நழுவுது. திருட்டுப் பயலே, உனக்கென்ன தெரியும்."

மேசை மறுபடி சிரித்தது. மேஸ்திரியைத் திருட்டுப் பயல் என்று கூப்பிட அராக்குக்குத்தான் தைரியம் வரும். வர்தே சிரிக்கவில்லை. அடுப்படிக்கு ஓடி ஒரு பெப்சி பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். யாருக்கும் தெரியாமல் குடிக்க வைத்துவிடலாம், அவன் ரகசியம் அவனோடு இருக்கட்டும் என்றுதான் அப்போதும் நினைத்தாள்.

"இந்தா, ஒரு மடக்குக் குடி."

அவன் அவள் கையைத் தள்ளினான். பாதி அவள் பாவாடையில் கொட்டியது. மீதியை வாயில் வைக்கப் போனபோது ஷுக்ரி பாட்டிலைப் பிடுங்கிவிட்டான்.

"அண்ணி, என்ன பண்றீங்க? அவனுக்குச் சர்க்கரை. இதைக் கொடுத்தா என்ன ஆகும்?"

"கொடு ஷுக்ரி."

"கொடுக்க மாட்டேன். எங்க அண்ணனைக் கொல்லப் பாக்கறீங்களா? போதை ஏறிடுச்சு, அவ்வளவுதான். யாராவது சர்க்கரை இல்லாம கடுங்காப்பி போடுங்க."

"வால்நட் மரத்தடியில படுக்க வைங்க" என்றான் அஸ்ஸாஃப். "தூங்கி எழுந்தா சரியாப் போகும். விடியக்காலையிலேர்ந்து இழுத்திருக்கான், களைப்பு."

இரண்டு பேர் மெல்ஹெமின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அன்பாகத்தான் தூக்கினார்கள். ஒருவன் தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு வைக்க மடித்துக்கொண்டு முன்னால் போனான். மெல்ஹெமின் தலை தொங்கியது. அதைத் தூக்கி வர்தேயைப் பார்த்தான். ஒரு விநாடி அவனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

"சொல்லாதே" என்றான். நாக்கு குழறியது. "வர்தே. சொல்லாதே."

அவளுக்குத் தெரியும், சொன்னால் அவன் சாரம் போயிற்று. அதற்கப்புறம் அவன் தன்னோடு பேசுவானா என்பதும் தெரியாது. அவள் மரத்தடிக்கு முன்னால் போய் வழியை மறித்து நின்றாள்.

"அவனைப் படுக்க வைக்காதீங்க. படுத்தா எழுந்திரிக்க மாட்டான். இது போதை இல்லை. அவன் ஊசி போடறவன். இன்சுலின். ரெண்டு வருஷமாப் போடறான். இப்ப ஊசி வேலை செய்யுது, வயித்துல ஒண்ணும் இல்லை. சர்க்கரை இறங்கிப் போச்சு. இப்ப அவனுக்கு இனிப்பு வேணும்."

  முதலில் அசைந்தவன் அஸ்ஸாஃப். ஷுக்ரியின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். பிடுங்கியதில் மீதியும் கொட்டிப்போயிருந்தது.

"திராட்சைப் பாகு இருக்கா வீட்டுல?"

இருந்தது. புதிதாகக் காய்ச்சிய பாகு, ஒரு தகரம் நிறைய. வர்தே தண்ணீரில் கரைத்துக் கிண்ணத்தை அவன் வாயில் வைத்தாள். முதலில் கொஞ்சம் விட்டுப் பார்த்தாள், விழுங்கினான். அப்புறம் மீண்டும் விட்டாள். அஸ்ஸாஃப் அவன் பின்னால் மண்டியிட்டு மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டான். பாகு தாடையில் வழிந்து சிமென்ட் படிந்த சட்டையில் ஒட்டியது.

"குடி. என்னைப் புதைக்க வேண்டியவனே, குடி" என்றாள். பிள்ளைகளைக் கொஞ்சும்போது எங்கள் பெண்கள் சொல்கிற சொல்தான். உனக்கு முன்னால் நான் போய்விட வேண்டும் என்று பொருள். வழக்கமாக அதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

அவன் பையைக் கொட்டி, காலுறையை உதறி, சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து அவன் விரலைக் குத்தினாள். நாற்பத்து மூன்று என்று காட்டியது. எண்ணைப் பார்க்க எல்லாரும் குனிந்தார்கள். அதற்கு என்ன பொருள் என்று அதில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இன்னொரு கிண்ணம் போயிற்று. மெல்ல மெல்ல அவன் கண் ஒரு இடத்தில் நின்றது. தன்னைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்தான். மேஸ்திரியின் மோதிரத்தை அடையாளம் கண்டுகொண்டான்.

"என்ன ஆச்சு?"

"மேஸ்திரியைத் திருட்டுப் பயல்னே" என்றான் அஸ்ஸாஃப்.

"அது போதையிலயா சொன்னேன்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷுக்ரி மட்டும் சுவர் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுபடி குத்திப் பார்த்தபோது எண்பத்தாறு. வர்தே ரொட்டியை எடுத்து உருளைக்கிழங்கை வைத்துச் சுருட்டி அவன் கையில் திணித்தாள். அவன் ஒரு வாய் கடித்தபிறகுதான் கேட்டாள்.

"எவ்வளவு போட்டே?"

"பத்து."

"பொய் சொல்லாதே. பேனாவுல மிச்சம் இருக்கிறதைப் பாத்துட்டேன்."

"பத்து சாப்பாட்டுக்கு." அவன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அராக்குக்கு நாலு."

"அராக்குக்கா?"

"திராட்சைதானே அது."

வர்தே போனை எடுத்து சிஸ்டர் பெர்னதெத்தைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு சிஸ்டர் நேராக அவனிடமே பேசினாள்.

"அபூ கமீல், கேக்குதா? திராட்சையில இருந்த சர்க்கரையெல்லாம் புளிக்கிறப்பவே சாராயமா மாறிப் போயிடும். நீங்க குடிக்கிற அராக்குல சர்க்கரை துளி இல்லை. அதுக்கு ஊசி போட்டா, இல்லாத ஆளை அடிக்க ஓங்கின மாதிரி. அடி உங்க மேலதான் விழும்."

"சரி சிஸ்டர்."

"இன்னொண்ணு. சாப்பிடாம இருந்தா ஈரல்தான் கொஞ்சம் கொஞ்சமாச் சர்க்கரையை ரத்தத்துல விடும். அராக் உள்ள போனா ஈரல் அந்த வேலையைப் போட்டுட்டு அராக்கைக் கவனிக்கப் போயிடும். இன்னிக்கு நீங்க நாள் முழுக்க உழைச்சிருக்கீங்க. அதனால இது முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. ராத்திரிக்குள்ள மறுபடி இறங்கலாம். நல்லாச் சாப்பிடுங்க. படுக்கிறதுக்கு முன்னாடி குத்திப் பாருங்க, உம் கமீல் நடுவுலயும் ஒரு தரம் பாக்கட்டும். இப்ப ஏறியிருந்தா இறக்கறேன்னு ஊசியை எடுத்துடாதீங்க. வழக்கமா ராத்திரி போடற ஊசியைப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

"இனிமே குடிக்கவே கூடாதா?" என்று கேட்டது ஷுக்ரி.

"கூட உக்காந்தவங்க கிட்டச் சொல்லிட்டு, ரொட்டியோட, ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. இதை நான் அவருக்கு ஏற்கனவே சொல்லியிருக்கேன்."

போனை வைத்த பிறகு அஸ்ஸாஃப் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். மெல்ஹெம் அவனை நிமிர்ந்து பார்த்தான். எல்லாருக்கும் தெரியும் அடுத்து வருவது என்னவென்று.

"ரெண்டு வருஷம்" என்றான் அஸ்ஸாஃப். "ரெண்டு வருஷமா உன் பலகைக்குக் கீழ நான் நின்னிருக்கேன். நீ விழுந்திருந்தா என் மேலதான் விழுந்திருப்பே."

"விழலையே."

"இன்னிக்கு உன்னை மரத்தடியில படுக்க வைக்கச் சொன்னது நான். என் வாயால சொன்னேன். தூங்கட்டும்னு சொன்னேன். நீ செத்திருந்தா இந்தப் பொம்பளை மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? ஊசி போடறேன்னு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?"

"சொன்னா இறக்கி விட்டிருப்பே."

"விட்டிருப்பேன்." அஸ்ஸாஃப் மறைக்கவில்லை. "திங்கட்கிழமை நீ மேல ஏறமாட்டே. கீழ நின்னு கம்பி வளை. ஆணி பிடுங்கறதுக்கு வேற ஆளு இருக்கு. ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேன். தினமும் காலையிலயும் மத்தியானமும் என் எதிர்ல விரலைக் குத்து, என் எதிர்ல தின்னு. அதுக்கப்புறம் ஏறலாமா வேண்டாமான்னு பேசுவோம்."

"ஏற விடுவியா?"

"பேசுவோம்னு சொன்னேன்."

மெல்ஹெம் ரொட்டியை மென்றான். "அப்ப எனக்கு ரெண்டு பெண்டாட்டி" என்றான். "ஒருத்திக்கு மீசை."

மேசைக்குப் பெரிய தட்டுகள் வந்தன. எல்லாரும் சாப்பிட்டார்கள். ஷுக்ரி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தட்டில் ரொட்டியாக அடுக்கினான்; பாவம், ஒரே நாளில் தம்பிக்கு ரொட்டி மருந்தாகிவிட்டது. அஸ்ஸாஃப் ஜாடியை மெல்ஹெமின் பக்கத்திலிருந்து எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டான்.

வெயில் இறங்கியதும் அவர்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். விஷயம் அவர்களுக்கு முன்பே தெருவுக்குள் போய்விட்டிருந்தது. ஒரு பால்கனியிலிருந்து குரல் வந்தது: "அபூ கமீல், பாகு வேணுமா, எங்க வீட்டுல ரெண்டு தகரம் இருக்கு."

"உன் மாமியாருக்குக் கொடு" என்றான் மெல்ஹெம் தலையைத் தூக்காமல்.

இன்னும் கொஞ்சம் நடந்தபிறகு வர்தே கேட்டாள், "என் மேல கோபமா?"

"ஆமா."

அவள் சாப்பாட்டுப் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா திங்கட்கிழமை நான் சாரத்துல நின்னிருப்பேன்."

"சவப்பெட்டியில நின்னிருப்பே."

"அதுல யாரும் நிக்க மாட்டாங்க, படுப்பாங்க."

"உன்னைத் தெரியாதா. நீ அதுலயும் எழுந்து நின்னு மட்டம் பாப்பே."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சிரித்து முடித்ததும் முகம் மறுபடி இறுகியது. திங்கட்கிழமை கீழே நின்று கம்பி வளைக்கப் போவதைத்தான் நினைத்திருப்பான். அவள் அதைத் தொடாமல் விட்டாள்.

வீட்டில் அவள் கெட்டித் தயிரும் ஆலிவும் ரொட்டியும் எடுத்து வைத்தாள். அவன் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, அவள் கேட்காமலேயே விரலைக் குத்தினான். நூற்றுப் பதினெட்டு. கருவியை அவள் பக்கம் திருப்பி மேசையில் நகர்த்தினான். மறைக்காமல், விளக்கு எரிகிற சாப்பாட்டு மேசையில், ஜன்னல் திறந்திருக்க அவன் அதைச் செய்வது இதுதான் முதல் தரம்.

"போதுமா?"

"ஏறட்டும் இன்னும் கொஞ்சம். அந்த ரொட்டியை முடி."

"வயிறு வெடிச்சுடும் வர்தே."

"வெடிச்சாத் தைக்கலாம்."

அவன் ரொட்டியை இரண்டாகக் கிழித்து, பெரிய துண்டில் தயிரைத் தடவி அவளிடம் நீட்டினான். "அப்ப நீயும் தின்னு. தனியா இவ்வளவு ரொட்டி திங்கறதுக்கு நான் என்ன கழுதையா."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனெதிரே உட்கார்ந்து வாங்கித் தின்றாள்.